சாவி யார் கையில்?

மூன்றாமாண்டு மாணவர், இளங்கலை வரலாறு

எங்கள் ஆயாவிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. இரண்டு நூல் புடவைகள், தாத்தாவின் புகைப்படம் ஒன்று, பழைய நிலப் பத்திரம் ஒன்று, மஞ்சள் துணியில் முடிந்து வைத்த சில்லறைக் காசுகள் ஆகியவையே அதில் இருந்தன. களவு போனால் கவலைப்பட வேண்டிய பொருள் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆயினும் அந்தப் பெட்டியின் சாவியை ஆயா தம் இடுப்புச் சுருக்குப்பையை விட்டு இறக்கியதே இல்லை. ஒரு நாள் விளையாட்டாக, "இதுல என்ன கெடக்குதுன்னு இப்படிப் பூட்டிப் பூட்டி வைக்கிற ஆயா?" என்று கேட்டேன். "உள்ள கெடக்கறது காக்காசா இருந்தாலும் சாவி நம்ம கிட்ட இருக்கணும்டா" என்றார். அன்று நான் சிரித்தேன். பிறகு ஒரு நாள் அந்தச் சொல்லின் பொருளை அழுதுகொண்டே புரிந்துகொள்ள நேர்ந்தது. அந்தக் கதையையும், அது எனக்குக் கற்றுத் தந்த பாடத்தையும் இந்த ஆண்டு மலரின் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எங்கள் ஊர் விழுப்புரம் மாவட்டத்தில் ஏரிப் பாசனத்தை நம்பி வாழும் ஒரு சிற்றூர். ஆயா பள்ளிக்கூட வாசலை மிதித்தவரல்லர். ஆனால் நடவுப் பாட்டு, தாலாட்டு, கும்மிப் பாட்டு, ஒப்பாரி என்று அவர் நெஞ்சில் இருந்தவற்றுக்குக் கணக்கில்லை. நடவு நாளில் அவர் முதலடி எடுத்துக் கொடுக்க, வரிசையில் குனிந்து நிற்கும் பெண்கள் அதை வாங்கிப் பாடுவார்கள். தாத்தா இறந்தபோது ஆயா தாமே கட்டிப் பாடிய ஒப்பாரி ஒன்று உண்டு. தாத்தா ஓட்டிய ஏரும், அவர் வெட்டிய கிணறும், சந்தையிலிருந்து அவர் வாங்கி வந்த கண்ணாடி வளையலும் அதில் வரும். பாடச் சொன்னால் முதலில் மறுப்பார். பிறகு முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு பாடுவார்.

2021ஆம் ஆண்டு, பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்தன. இணைய வகுப்புக்காக அப்பா கடன் வாங்கி எனக்கொரு செல்போன் வாங்கித் தந்தார். வகுப்பு நடந்ததோ இல்லையோ, அந்தச் செல்போனில் ஆயாவின் பாட்டுகளைப் பதிவு செய்வது எனக்குப் பொழுதுபோக்காயிற்று. ஓராண்டுக்குள் 34 பதிவுகள் சேர்ந்தன. செல்போனில் இடம் போதவில்லை. "உங்கள் கோப்புகளை எங்களிடம் பத்திரமாக வைத்துக்கொள்ளலாமா?" என்று செல்போனே கேட்டது. "சரி" என்று ஓர் அழுத்து அழுத்தினேன். பாட்டுகள் எங்கோ சென்று சேர்ந்தன. எங்கே சென்றன, யாரிடம் சென்றன, என்ன நிபந்தனையின் பேரில் சென்றன என்று நான் கேட்கவில்லை. இலவசமாக ஒருவர் நம் நெல்லைத் தம் களஞ்சியத்தில் வைத்துக்கொள்கிறேன் என்றால், ஏன் என்று கேட்காமல் எந்த உழவனாவது மூட்டையைத் தூக்கிக் கொடுப்பானா? நான் கொடுத்தேன்.

2023 சனவரியில் ஆயா மறைந்தார். அதற்கடுத்த ஆண்டு என் செல்போன் மோட்டார் கொட்டகையில் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து செத்துப்போயிற்று. புதியதாக ஒன்று வாங்கி என் கணக்கைத் திறக்க முயன்றேன். கடவுச்சொல் சரியாகவே நினைவில் இருந்தது. ஆனால் அது போதாதாம். பழைய எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்புவோம், அதைச் சொன்னால்தான் திறப்போம் என்றது அந்தச் சேவை. பழைய எண்ணோ என்னிடம் இல்லை. குறைந்த விலையில் வேறொரு சிம் கிடைத்ததென்று மாறிக்கொண்டு, பழையதற்குப் பல மாதங்களாக ரீசார்ஜ் செய்யாமல் விட்டிருந்தேன். அந்த எண்ணை வேறொருவருக்கு ஒதுக்கிவிட்டிருந்தார்கள்.

அந்த எண்ணுக்கே போன் செய்தேன். யாரோ ஒரு பெண்மணி எடுத்தார். "அக்கா, உங்க நம்பருக்கு ஒரு ஓ.டி.பி. வரும். அதைக் கொஞ்சம் சொல்றீங்களா?" என்று கேட்டேன். அவ்வளவுதான். "உன்ன மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கேன், போலீஸ்ல சொல்லிடுவேன்" என்று திட்டித் தொடர்பைத் துண்டித்துவிட்டார். அவர் செய்தது சரி. ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று நாம் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம் அல்லவா? ஆனால் இதிலுள்ள விந்தையைக் கவனியுங்கள். ஆயாவின் பாட்டுகளுக்கான திறவுகோல், ஆயாவைக் கண்டும் கேட்டும் அறியாத ஒருவர் கையில் இருந்தது. பாடியவரின் பேரனுக்கோ கதவு சாத்தியிருந்தது.

பின்னர் அந்நிறுவனத்தின் விண்ணப்பத்தை மூன்று முறை நிரப்பி அனுப்பினேன். மூன்று முறையும் ஓர் எழுத்துக்கூட மாறாத ஒரே பதில் வந்தது: கணக்கு உங்களுடையது என்று உறுதி செய்ய இயலவில்லை. அதை எழுதியது மனிதரா இயந்திரமா என்று ஐயுறவே தேவையில்லை. நான் கலங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்த அப்பா, "அவங்க ஆபீஸ் எங்கடா இருக்குது? நேர்ல போய் ஆதார் கார்டைக் காட்டிக் கேட்டா கொடுக்க மாட்டாங்களா?" என்றார். தாலுகா அலுவலகத்தில் பட்டாவுக்காக இரண்டு ஆண்டுகள் நடந்தவர் அவர். அங்கேயாவது ஒரு மேசை உண்டு, மேசைக்குப் பின்னே ஓர் ஆள் உண்டு, சண்டை போட ஒரு முகம் உண்டு. அப்பாவின் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை.

நம் கல்லூரிக் கணினித் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் இதைச் சொல்லி வருந்தினேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. "ஒரே இடத்துல வச்சது முதல் தப்பு. அது யாரோட இடம்னு கேட்காம வச்சது ரெண்டாவது தப்பு. போனது போச்சு. இனிமேலாவது சரியா வைக்கக் கத்துக்கோ, சாயங்காலம் லேபுக்கு வா" என்றார். அன்று மாலை தொடங்கியதுதான் என் இரண்டாம் படிப்பு.

முதலில் அவர் எனக்கு விளக்கியது மென்பொருளில் இரண்டு வகை உண்டு என்பதை. எங்கள் வயலில் இருக்கும் தண்ணீர் மோட்டாரை உவமையாகக் கொண்டால் இது எளிதில் விளங்கும். மோட்டார் பழுதானால் பக்கத்து ஊர் மெக்கானிக் அதைக் கழற்றிப் பார்க்கிறார், காயில் கட்டுகிறார், மீண்டும் ஓட வைக்கிறார். "எங்கள் மோட்டாரை நீங்கள் கழற்றக் கூடாது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவும் கூடாது, நாங்கள் நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிட வேண்டும்" என்று மோட்டார் செய்தவர் சொன்னால் ஊர் ஒப்புமா? ஆனால் நாம் அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருள்களில் பெரும்பாலானவை இந்த நிபந்தனையோடுதான் நம் கைக்கு வருகின்றன. அவற்றின் மூலநிரலை நாம் காண முடியாது. மற்றொரு வகைக்குக் கட்டற்ற மென்பொருள் என்று பெயர். எந்த நோக்கத்துக்கும் அதைப் பயன்படுத்தலாம், அது எப்படி இயங்குகிறது என்று ஆராய்ந்து வேண்டியபடி மாற்றலாம், பிறருக்குப் படி எடுத்துத் தரலாம், மாற்றியதையும் பகிரலாம். இந்நான்கு உரிமைகளே அதன் இலக்கணம். ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல் வழங்குவதால் அவர்களுக்கு ஓயாத குழப்பம். நம் தமிழில் 'இலவசம்' வேறு, 'கட்டற்ற' என்பது வேறு. எனவே நமக்கு அந்தத் தொல்லை இல்லை. நான் ஆயாவின் குரலை ஒப்படைத்த சேவை இலவசமானது, கட்டற்றது அன்று.

வரலாற்று மாணவனாதலால் இதன் வரலாற்றையும் தேடிப் படித்தேன். 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் அச்சுப்பொறி ஒன்று வந்தது. தாள் அடிக்கடி சிக்கிக்கொண்டது. அங்குப் பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன், தாள் சிக்கினால் உடனே செய்தி தரும்படி அதன் மென்பொருளைத் திருத்த விரும்பினார். மூலநிரல் கிடைக்கவில்லை, அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரும், தருவதில்லை என்று ஒப்பந்தம் செய்திருப்பதாகக் கூறி மறுத்துவிட்டார். சிறிய நிகழ்ச்சிதான். ஆனால் அந்த மறுப்பு அவர் நெஞ்சில் தைத்தது. 1983 செப்டம்பர் 27 அன்று, யாவரும் தடையின்றிப் பகிர்ந்துகொள்ளக்கூடிய ஓர் இயங்குதளத்தை உருவாக்கப் போவதாக அவர் அறிவித்தார். குனு என்பது அதன் பெயர். 1991இல் பின்லாந்தில் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் கருநிரலும் அதனோடு சேர்ந்தது. இன்று உலகின் பெரும் வழங்கிகள் பலவற்றுக்கும், நம் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு செல்போனுக்கும் அடியில் இருப்பது அந்த லினக்ஸ்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படம் பார்க்க நாம் பயன்படுத்தும் வி.எல்.சி.யின் ஆரஞ்சு நிறக் கூம்பு யாவருக்கும் தெரியும். அது 1996இல் பாரிசுக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரியின் மாணவர்கள், தம் விடுதி வளாகத்தில் காணொளி அனுப்புவதற்காகத் தொடங்கிய திட்டத்தில் பிறந்தது. 2001இல் கட்டற்ற உரிமத்தின் கீழ் உலகுக்கு வழங்கப்பட்டது. மாணவர்கள் செய்தது என்பதற்காகவே இதை இங்குக் குறிக்கிறேன்.

பேராசிரியர் விளக்கிய இரண்டாவது செய்தி, அந்தரங்கம் பற்றியது. "மறைக்க என்னிடம் என்ன இருக்கிறது?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். ஆயாவின் பெட்டியிலும் மறைக்க ஒன்றும் இல்லைதான். இருளில் வழி காட்ட விளக்கெரிக்கும் ஒரு செல்போன் செயலி, அதை வைத்திருந்த கோடிக்கணக்கானோரின் இருப்பிடத்தை விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது என்று 2013இல் அமெரிக்க வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. விளக்குக்கும் இருப்பிடத்துக்கும் என்ன தொடர்பு? இதைப் படித்தபின் என் செல்போனிலுள்ள செயலிகளின் அனுமதிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். நாள்காட்டிச் செயலி ஒன்றுக்கு என் தொடர்பு எண்கள் அனைத்தையும் பார்க்கும் உரிமையை நானே கொடுத்திருந்தேன். இராகு காலம் பார்க்க என் மாமாவின் எண் எதற்கு?

நம் நாட்டிலும் இக்கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற கே. எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கிய அடிப்படை உரிமை என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தனிநபர்த் தரவுப் பாதுகாப்புக்கென 2023இல் சட்டமும் இயற்றப்பட்டது. சட்டம் வேலி போடும். ஆனால் கதவைத் திறந்து வைத்துவிட்டு வேலியைக் குறை கூறுவதில் பயனில்லை.

இனி நான் செய்தவற்றைச் சொல்கிறேன். என் அக்கா பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி, பரணில் துணி மூட்டைக்கு அடியில் கிடந்தது. அதை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு, "எடுத்துக்கோ. ஆனா பேட்டரி போயிடுச்சு, கரண்ட்ல போட்டாத்தான் ஓடும்" என்றாள் அக்கா. திறந்து பார்த்தால் அதில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று யாவரும் அறிந்தது. மற்றொன்று பாஸ் லினக்ஸ். நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய கட்டற்ற இயங்குதளம். "அந்தப் பக்கம் நான் போனதே இல்லடா, ஒண்ணும் புரியல" என்று சிரித்தாள். எதைத் தேடி நான் ஆய்வகத்துக்குப் போனேனோ, அது பத்தாண்டுகளாக எங்கள் வீட்டுப் பரணிலேயே இருந்திருக்கிறது. கற்றுத் தர ஆளில்லாமல் கொடுத்த கருவி, பூட்டிய பெட்டிக்குச் சமம் என்பது அப்போது எனக்கு உறைத்தது.

அக்காவின் பழைய கோப்புகளை முதலில் பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டு, பேராசிரியர் உதவியுடன் டெபியன் என்னும் இயங்குதளத்தை அதில் நிறுவினேன். அந்தக் கணினிக்கு இருந்தது 2 ஜி.பி. நினைவகம்தான். இணையத்தில் கண்டவற்றையெல்லாம் அதில் ஏற்றிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. "அகலக்கால் வைக்காதே. பெரிய மென்பொருளைப் போட்டா இந்த மெஷின் தாங்காது. உனக்கு வேண்டியது என்ன? செல்போன்ல இருக்கறது வீட்டுக் கணினியிலயும் தானா வந்து சேரணும். அவ்வளவுதானே?" என்றார் பேராசிரியர். அதற்குச் சிங்க்திங் என்றொரு சிறிய கட்டற்ற மென்பொருள் உண்டு. இரண்டு கருவிகளும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும். இணையமே இல்லாமல், இடையில் எந்த நிறுவனமும் இல்லாமல், கோப்புகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சென்றுவிடும். எங்கள் ஊரில் பிராட்பேண்டு இல்லை. இது போதுமானதாக இருந்தது.

அடுத்த தடை அப்பாவிடமிருந்து வந்தது. "இதை ராத்திரி பகலா ஓட விட்டா கரண்ட் பில் யாரு கட்டறது?" என்றார். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டேன். கணினி 25 வாட் எடுத்தால், 24 மணி நேரத்துக்கு 0.6 யூனிட்; இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். வீட்டு இணைப்புக்கு அப்போது இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக இருந்த நிலையில், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதற்கே போய்விடும். எனவே மாலை 7 மணி முதல் 9 மணி வரை மட்டும் ஓட விடுவது என்று முடிவாயிற்று. இரண்டு மாதத்துக்கு 3 யூனிட். அப்பாவும் ஒப்பினார். இதுதான் எங்கள் வீட்டு 'வழங்கி'யின் அலுவல் நேரம்!

நான்கு மாதம் கழித்து ஒரு நாள் அந்தப் பழைய ஹார்டு டிஸ்க் கடகடவென்று ஒலித்து நின்றுவிட்டது. என் கைகால் நடுங்கியது. ஆனால் இம்முறை எதுவும் தொலையவில்லை. செல்போனில் ஒரு படி, வாரந்தோறும் நான் எடுத்து அக்கா வீட்டில் வைத்துவரும் பென் டிரைவில் ஒரு படி என இரண்டு எஞ்சியிருந்தன. மூன்று படிகள், இரண்டு வகைக் கருவிகளில், அவற்றுள் ஒன்று வேறு வீட்டில் என்பதே இதற்குரிய எளிய விதி. நான்கு திருமணங்களில் பந்தி பரிமாறிச் சேர்த்த பணத்தில் புதிய டிஸ்க் வாங்கிப் போட்டேன். நம் வீட்டில் வைத்தால் பொருள் அழியாது என்று நான் சொல்லவில்லை. பொறுப்பு நம்முடையதாகிவிடும் என்றே சொல்கிறேன். சுருக்குப்பையில் சாவி வைத்திருந்த ஆயா, அதைத் தொலைக்காமலிருக்கும் பொறுப்பையும் சேர்த்தே இடுப்பில் சுமந்தார்.

பெரிய நிறுவனங்களிடம் இருந்தால் என்றென்றும் இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு செய்திகள். ஒரு காலத்தில் நம் நாட்டு இளைஞர்கள் விரும்பிக் கூடிய ஆர்குட் தளம் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. மைஸ்பேஸ் என்னும் தளத்தில் 2015 வரை இசைக் கலைஞர்கள் ஏற்றிய பாடல்கள், வழங்கிகளை மாற்றும்போது அழிந்துவிட்டன என்பது 2019இல் தெரிய வந்தது. ஏறத்தாழ 5 கோடிப் பாடல்கள். என் 34 பாட்டுகளை நினைத்து நான் அழுதேன். அந்தக் கலைஞர்களை எண்ணிப் பாருங்கள்.

அன்றாட வேலைகளிலும் ஒவ்வொன்றாக மாறினேன். உலாவிக்குப் பயர்பாக்ஸ். கட்டுரை எழுத லிப்ரெ ஆபீஸ். இக்கட்டுரையும் அதில் தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்ததே. கடவுச்சொற்களைக் காக்கக் கீபாஸ் எக்ஸ்.சி. வழி பார்க்க ஓப்பன்ஸ்டிரீட்மேப். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய இந்த நிலப்படத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அதில் எங்கள் ஊர் ஏரி இல்லை. கரையைச் சுற்றி நடந்து, மதகுகளைக் குறித்து, நானே வரைந்து சேர்த்தேன். மறுநாள் உலகப் படத்தில் எங்கள் ஏரி நீல நிறத்தில் தெரிந்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

எல்லாம் வெற்றியல்ல. செய்தி அனுப்பச் சிக்னல் என்னும் கட்டற்ற செயலிக்கு வரும்படி நான்கு நண்பர்களை அழைத்தேன். இருவர் வந்தனர், ஒருவர் ஒரே வாரத்தில் திரும்பிவிட்டார். வகுப்புக் குழு வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறது. தேர்வு அறிவிப்பு அங்கேதான் வருகிறது. என் அம்மாவுக்கு எழுதப் படிக்க வராது. வாட்ஸ்அப்பில் குரல் அனுப்ப மட்டும் கற்றுக்கொண்டிருக்கிறார். "சாப்பிட்டியா?" என்று அவர் அனுப்பும் குரலை, கொள்கைக்காக மறுக்க என்னால் முடியாது, அம்மாவை விட மென்பொருள் பெரிதன்று. ஆகவே அங்கும் இருக்கிறேன். ஆனால் அவர் குரல்களை அங்கேயே விட்டுவைக்காமல் வீட்டுக் கணினியிலும் சேர்த்து வைக்கிறேன்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். நிரலை எல்லோரும் பார்க்கலாம் என்றால் திருடனும் பார்ப்பானே? உண்மைதான். 2024இல் எக்ஸ்.இசட். என்னும் சிறிய கட்டற்ற மென்பொருளில், ஆண்டுக்கணக்கில் நல்லவர்போல் உழைத்து நம்பிக்கை பெற்ற ஒருவர், கள்ளக் கதவு ஒன்றைப் புகுத்திவிட்டார். வழங்கிக்குள் நுழைய வழக்கத்தை விட அரை நொடி தாமதமாகிறதே என்று ஐயுற்ற ஆந்திரஸ் பிராய்ண்டு என்னும் பொறியாளர் துருவிப் பார்த்து, மார்ச் 29 அன்று அதை உலகுக்கு வெளிப்படுத்தினார். கட்டற்ற மென்பொருளிலும் தீங்கு நேரும் என்பதற்கு இது சான்று. துருவிப் பார்க்க அவருக்கு வழி இருந்தது என்பதற்கும் இதுவே சான்று. நிரல் மூடியிருந்தால் அந்த அரை நொடி வெறும் அரை நொடியாகவே போயிருக்கும்.

மற்றொரு கேள்வியும் உண்டு. இவ்வளவு வேலை எல்லோராலும் ஆகுமா? ஆகாது. எல்லோரும் செய்யவும் வேண்டாம். மின்னஞ்சல் வழங்கியை வீட்டில் நடத்த முயல வேண்டாம்; அது கைதேர்ந்தவர்க்கே கடினம். போதிய பயிற்சியின்றி வீட்டுக் கணினியை வெளியுலகுக்குத் திறந்துவிடவும் வேண்டாம். ஆனால் ஊருக்கு ஒரு மெக்கானிக் இருப்பதுபோல், வகுப்புக்கு ஒருவர் கற்றுக்கொண்டால் போதும். விழுப்புரத்தில் இயங்கும் குனு/லினக்ஸ் பயனர் குழுவினர் கிராமப்புற மாணவர்களுக்குக் கற்றுத் தருகின்றனர். 2012 முதல் கணியம் இதழ் இவற்றையெல்லாம் தமிழிலேயே எழுதி வருகிறது. நம் வரலாற்றுத் துறையிலும் தமிழ்த் துறையிலும் ஆண்டுதோறும் கள ஆய்வுக்குச் சென்று முதியவர்களின் குரலைப் பதிவு செய்து வருகிறோம். அப்பதிவுகள் இன்று எங்கே இருக்கின்றன? மூன்றாண்டு முடித்துச் சென்ற மாணவர்களின் செல்போன்களில், அவர்களே மறந்துவிட்ட கணக்குகளில்! துறைக்கு ஒரு பழைய கணினி, ஒரு நல்ல டிஸ்க், பொறுப்பேற்க இரண்டு மாணவர்கள் இருந்தால் அவை நூலகத்தைப் போல் நிலைத்திருக்கும். பேராசிரியப் பெருமக்கள் இதைக் கருத்திற்கொள்ள வேண்டும் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த இருவரில் ஒருவனாக இருக்க நான் அணியமாயிருக்கிறேன்.

ஆயாவின் 34 பாட்டுகளில் 6 மட்டும் கிடைத்தன. எப்போதோ அக்காவுக்கு நான் அனுப்பியவை. அவள் எதையும் அழிக்காதவள். கடந்த கோடை விடுமுறையில் ஆயாவின் தங்கையான சின்ன ஆயாவிடம் சென்று பதிவு செய்யத் தொடங்கினேன். நடவுப் பாட்டுகள் பல அவருக்கும் தெரியும். சொற்கள் மட்டும் சிற்சில இடங்களில் மாறுகின்றன. இதுவரை 19 பாட்டுகள் சேர்ந்துள்ளன. மூன்று இடங்களில் இருக்கின்றன.

தாத்தாவுக்கு ஆயா கட்டிய ஒப்பாரியைப் பற்றிச் சின்ன ஆயாவிடம் கேட்டேன். நெடுநேரம் யோசித்தார். "வளையல் வாங்கியாந்தது வரும்... அதுக்கு மேல வரலியேப்பா. அது அக்கா பாட்டு. அவ கிட்டதான் இருந்துச்சு" என்றார்.

அது இப்போது எங்கோ ஒரு நாட்டில், ஏதோ ஓர் இயந்திரத்தில், என் பெயருள்ள பெட்டிக்குள் இருக்கலாம். அல்லது இந்நேரம் அழிக்கப்பட்டிருக்கலாம். எனக்கு அதைத் தெரிந்துகொள்ளும் வழிகூட இல்லை.

நண்பர்களே! இன்று மாலை வீடு திரும்பியதும் உங்கள் செல்போனை எடுங்கள். இழந்தால் திரும்பாதது எது என்று பார்த்து, அதை முதலில் ஒரு பென் டிரைவில் படி எடுத்து வையுங்கள். மற்றவற்றை மெல்லக் கற்றுக்கொள்ளலாம். பெட்டி யாருடையதாகவும் இருக்கட்டும். சாவி யார் கையில் இருக்கிறது என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.